மாமாவின் கிட்டாருக்கு மூன்று குரல்

போன வாரம் என் செல்போனில் சார்ஜ் ஏறவில்லை. தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் சால்டரிங் அயர்னை ஈயத்தில் வைத்ததும் ஒரு புகை சுருண்டு எழுந்து நேரே என் மூக்குக்கு வந்தது. கருகிய குங்கிலியம் மாதிரி ஒரு வாசனை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, புகை" என்றார் அவர். நான் இன்னும் கிட்டப் போய் நின்றுகொண்டேன். எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில், என் தாவணி முழுக்க அந்த வாசனைதான்.

திருவள்ளூரில் அப்பா பெருமாள் கோயிலுக்குப் பூக் கட்டுகிறவர். நாரும் பூவுமாகப் பழகிய விரல் என்பதாலோ என்னவோ, பள்ளிக்கூடம் முடித்ததும் எனக்குக் கம்பி சுற்றும் வேலை கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்சாலைக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் பட்டறையில் ரேடியோவுக்கான சின்ன டிரான்ஸ்பார்மர்கள் செய்தோம். தலைமயிரைவிட மெல்லிய செம்புக் கம்பி. தும்மினால் அறுந்துவிடும். அடக்கி அடக்கிப் பழகியதில், இன்றைக்கும் எனக்கு ஒரு முழுத் தும்மல் வருவதில்லை.

அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்காவின் கணவர் முனிரத்தினம், ஆரம்பாக்கத்துக்காரர். வீட்டில் நெல் வயல் இருந்தும் இரும்புப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். அதுவே அவருடைய நைனாவுக்கு வருத்தம். மகன் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வேறு வாசிக்கிறான் என்று தெரிந்தபோது, அவர் சில மாதம் பேசவே இல்லை.

அந்த எலெக்ட்ரிக் கிட்டார் ஜப்பானில் செய்தது. பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுகிற சமயத்தில் மாமா வாங்கி வந்தார். அழகான சிவப்பு. ஆனால் எப்படி வாசித்தாலும் ஒரே குரல். கனமான, தூக்கம் கலையாத குரல். குழுத் தலைவர் தாமோதரனுக்கு அது அலுத்துவிட்டது. பெரியபாளையத்து ஆடித் திருவிழாக் கச்சேரிக்கு முன்னால் மாமாவிடம் சொல்லிவிட்டார்: "சோகப் பாட்டுக்கும் அதே சத்தம், டப்பாங்குத்துக்கும் அதே சத்தம். மெட்ராஸ்லேந்து ஒருத்தன் வர்றேன்றான், ரெண்டு கிட்டாரு வச்சிகிறான். இந்தக் கச்சேரி பாத்துட்டு சொல்றேன் முனி."

மாமா அன்று சாப்பிடாமல் கையைக் கழுவினார். அக்காதான் என்னிடம் வந்தாள். "ஏன்டி, நீ சுத்துற கம்பிதான அதுக்குள்ளயும் கீதாம்? இன்னான்னு பாரேன்."

எனக்கும் சங்கீதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளியில் பிரார்த்தனைப் பாட்டுக்கு டீச்சர் என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டாரைப் பாயில் கிடத்தித் திறந்தேன். தந்திகளுக்குக் கீழே அதிர்வை வாங்குகிற பிக்கப் பெட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தத்தை ஒட்டி இரண்டு கம்பிச் சுருள்கள், அக்கா தங்கை மாதிரி பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் வால் இன்னொன்றின் வாலோடு முடிச்சுப் போட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து பேசுவதால்தான் அந்தக் கனம். முடிச்சிலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்து ஒரு சுவிட்சில் கட்டிவிட்டால், வேண்டும்போது ஒரு சுருளை மௌனமாக்கலாமே?

அந்த முடிச்சைத் தேடி, சுருளைச் சுற்றி ஒட்டியிருந்த பழைய டேப்பை உரித்தேன். டேப்போடு கம்பியும் வந்துவிட்டது.

சத்தம் கேட்க வீட்டு வால்வு ரேடியோவில் செருகியிருந்த கிட்டார் செத்துப் போயிற்று. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு திருவிழாக் கச்சேரி. மாமா எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"அறுந்துகிச்சா?"

"ஆமா மாமா."

"நீ தினம் இத்த அறுத்து சேக்கறவதான? எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. சேரு. நான் ஷிப்டுக்குப் போய்க்கினு இருக்கேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு திட்டு இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. பின்னாளில் எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டை மாட்டலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

மறுநாள் பிக்கப்பைச் சாப்பாட்டுத் தூக்குக்குள் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். சூப்பர்வைசர் மேரி அக்கா பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் தன் பூதக்கண்ணாடியை எடுத்து என் மேஜையில் வைத்தார். "சாப்பாட்டு நேரத்துல செய். யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." சுருளின் உள்முனை அறுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். நல்லவேளை, வெளிமுனை. சில சுற்றுகளைப் பிரித்து நல்ல நுனியைக் கண்டுபிடித்தேன். அதன் மேல்பூச்சைச் சுரண்டி, புதுக் கம்பியோடு ஈயம் வைத்தேன். அந்த நேரம் முழுக்க மேரி அக்கா கம்பி காற்றில் ஆடாமலிருக்க மின்விசிறியை அணைத்துவிட்டு, ஒரு அட்டையால் தனக்குத்தானே விசிறிக்கொண்டு வாசலில் நின்றார். அவர் சாப்பிடவில்லை என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து சுவிட்சைக் கட்டினேன். இன்னொரு சுவிட்சில், இரண்டாவது பிக்கப்பின் இரு கம்பிகளையும் தலைகீழாக மாற்றிக் கட்டினேன். மாமா வாசித்தார். "இது எப்டிகீது?" என்றார். எனக்கு ஸ்வரம் தெரியாது, சாப்பாடு தெரியும். பழைய கனமான குரல், கேழ்வரகுக் கூழ். ஒற்றைச் சுருள், பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி. தலைகீழ் குரலுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கையில் அக்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "சளி புடிச்சவன் பேசறாப்ல கீது!" அப்படியே பெயர் நிலைத்துவிட்டது.

பெரியபாளையத்தில் அன்று வேப்பிலையும் கற்பூரமுமாக மணத்தது. மாலை வெளிச்சம் போவதற்குள் கச்சேரி தொடங்கிவிட்டது. மூன்றாம் பாட்டுக்குள் புல்லாங்குழல்காரர் வயிறு சரியில்லாமல் எழுந்து போய்விட்டார். அடுத்தது தாலாட்டு, குழலில்தான் ஆரம்பம். தாமோதரன் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்தபடி முழித்தார். மாமா குனிந்து ஒரு சுவிட்சைத் தட்டினார். முதலில் ஆம்ப்ளிபையர் 'உர்ர்' என்று உறுமியது. ஒற்றைச் சுருளுக்கு அந்தக் குணம் உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மெல்லிசாக, பளிச்சென்று அந்தத் தாலாட்டு வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மடியில் இருந்த குழந்தையைத் தட்ட ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரு வேடிக்கைப் பாட்டுக்குச் சளிக் குரலை எடுத்தார். ஜனம் சிரித்தது, விசில் அடித்தது. தாமோதரன் மேடையிலேயே மாமாவின் பக்கம் எட்டிப் பார்த்து, "எங்கப்பா ஒளிச்சி வச்சிகிற இன்னொரு கிட்டார?" என்றார். மாமா மைக்கை இழுத்தார். "கிட்டாரு ஒண்ணுதான். எம் மச்சினிச்சி கைவேல இது. தோ, அங்க குந்திக்கினு கீது." நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கைதட்டல் அங்கேயும் வந்து சேர்ந்தது.

மெட்ராஸ்காரர் வரவில்லை. அந்தக் குழு கலைகிற வரை மாமாதான் கிட்டார். அடுத்த வருஷம் அவருடைய நைனா அன்றைய வயல் வேலையைப் போட்டுவிட்டுக் கச்சேரிக்கு வந்து, முன்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

இப்போது பட்டறை இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நிற்கிறது. மேரி அக்கா மகனோடு பெங்களூர் போனார், அப்புறம் தகவல் இல்லை. ஆடி மாதப் பாட்டெல்லாம் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது. கிட்டாரை மாமா பொன்னேரிப் பக்கம் ஒரு பையனுக்குக் கொடுத்தார், அவன் எங்கோ. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நேற்று அக்கா போனில் சொன்னாள்: "அவரு வாசிச்சத ஒருத்தருமே ரெக்கார்டு பண்ணலியேடி."

பண்ணவில்லைதான். எங்களில் யாரிடமும் டேப் ரெக்கார்டர் இருந்ததில்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து கேட்டவர்கள் கேட்டதோடு சரி.