உள்ளியும் வெள்ளைக் கத்தியும்

வதனி மச்சாளின் கத்தியை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரியும். அவள் என் கணவரின் தங்கை, இதே நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கிறாள். அவளிடம் பீங்கான் கோப்பை போல வெள்ளை வெளேரென்று ஒரு செராமிக் கத்தி இருந்தது. தீட்டவே தேவையில்லை. என் இரும்புக் கத்தி தக்காளியை நசுக்கும். அவளுடையது தாள் போலச் சீவும். “தங்கச்சி வெட்டின வெங்காயத்தைப் பாரப்பா” என்று இவர் வேறு சொல்லுவார்.

அவள் மகளின் பிறந்தநாள் சமையலுக்கு உதவப் போனபோது அந்தக் கத்தி என் கைக்கு வந்தது. தக்காளி முழுவதையும் நானே வெட்டினேன். ஆசை தீரவில்லை. பிறகு உள்ளி, அதுதான் வெள்ளைப்பூண்டு. ஒரு பல்லைத் தோலோடு பலகையில் வைத்து, மேலே கத்தியைப் படுக்கப் போட்டு, கைப்பழக்கத்தில் உள்ளங்கையால் ஒரு குத்துக் குத்தினேன். கத்தி ‘டக்’கென்று இரண்டாகிப் போனது.

இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தேன். வதனி, நான் பொறாமையில் உடைத்தேன் என்பாள், இல்லாவிட்டால் என் கண்ணூறு பட்டது என்பாள். இரண்டையும் என்னால் மறுக்க முடியாது.

வதனி எட்டிப் பார்த்தாள். “உள்ளியோ?”

“ஓம்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். “என்ர முதல் கத்தியும் உள்ளியிலதான் போனது மச்சாள். உது கல்லு மாதிரி. கூர் மழுங்காது, ஆனா வளையத் தெரியாது. இரும்பெண்டால் வளைஞ்சு குடுக்கும்.” மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, உள்ளிக்கென்றே வைத்திருந்த பழைய இரும்புக் கத்தியைத் தந்தாள். அது என்னுடையதைப் போலவே இருந்தது.

இப்போது என் வீட்டிலும் வெள்ளைக் கத்தி இருக்கிறது. ஒருவரையும் தொட விடமாட்டேன். அன்று வதனி உடைந்த துண்டுகளைக் கூட்டியபடி சிரித்தாளே, அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.