தோளில் நின்ற கோபம்

என் மணிக்கட்டில் சீன அக்காவின் புறங்கை வந்து ஒட்டிய அந்தக் காலைப்பொழுது இன்னும் தோலில் இருக்கிறது. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், எங்கள் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி அவளுடைய கீரைப் பாத்தி. நான் கீரை வாங்கப் போயிருந்தேன். அவள் தன்னந்தனியாகக் காற்றை மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். இருவர் கையோடு கை ஒட்டிச் செய்ய வேண்டிய சீனப் பயிற்சியாம். கூட நின்று செய்த தம்பியை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கையை நீட்டச் சொன்னாள். நீட்டினேன், அவள் லேசாகத் தள்ளியதில் பாத்தியில் போய் விழுந்தேன்.

நான் பழிதீர்க்க நினைத்தது, தோட்டத்துக் கூலிகளை மேய்த்த எங்கள் கங்காணியை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, தன் மச்சானை மறைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்தவன். அவர் அங்கே காலராவில் செத்ததைத் தப்பி வந்த ஒருவன் சொன்னான். கங்காணி துக்கம் கேட்கக்கூட வரவில்லை, பாவி. ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டும் கத்தியாலேயே அவனைக் குத்தப்போகிறேன் என்று சீன அக்காவிடம் சொன்னேன். அவள் தடுக்கவில்லை. அரைகுறை மலாயில் சொன்னாள்: “கோபம் ஒன் தோள்ல நிக்குது. அதான் விழுற. இடுப்புக்கு எறக்கு.”

அன்றிலிருந்து அவள் கற்றுக்கொடுத்தாள்: தள்ளுகிறவனோடு மல்லுக்கட்டக் கூடாது, அவன் கையை விடவும் கூடாது. அவன் கனம் முழுதும் வந்து சேரும்வரை இளகி நிற்க வேண்டும், பிறகு இடுப்பைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இளகினால் அவனை மன்னித்துத் தொலைப்பேனோ என்று பயந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கோபம் கீழே இறங்கி வசதியாகக் குந்திக்கொண்டது. இப்போது ஈப்போ பூங்காவில் இதையே மன அமைதிக்கு என்று செய்கிறார்களாம். செய்யட்டும்.

அரிசி அளக்கும் நாளில், ஜப்பான் சார்ஜன்ட் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் எங்கே என்று கங்காணியிடம் கேட்டேன். இரு கையாலும் என்னைத் தள்ளினான். கனம் முழுதும் வரட்டும் என்று இளகினேன், திரும்பினேன். குப்புறச் சேற்றில் விழுந்தான். வரிசையே சிரித்தது. சார்ஜன்ட்டும் சிரித்தான். பொம்பளை கையால் சேற்றில் விழுகிறவன் எதற்குக் கங்காணி என்று அடுத்த லாரியில் அவனையே சயாமுக்கு ஏற்றிவிட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. தெரிந்திருந்தாலும் விழத்தான் வைத்திருப்பேன்.

அவனும் திரும்பவில்லை. ஜப்பான் சண்டை முடிந்தபின் அவன் பெண்சாதி கைப்பிள்ளையோடு என் வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை, அழவில்லை.

“இப்ப ஒங்களுக்கு மனசு ஆறிருச்சா அக்கா?”

“இல்ல,” என்றேன். இன்று யார் வந்து கேட்டாலும் அதுதான்.