படகுக்குப் போட்ட பல்பர் கிரீஸ்

ஏற்காடு ஏரியில் மோட்டார் படகு ஓட்டுவது என் வேலை. எங்கிருந்தோ வருகிற குடும்பங்களையெல்லாம் ஏற்றி ஒன்பது வருடமாகச் சுற்றிக் காட்டுகிறேன். என் மனைவியை மட்டும் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. லீவு நாளில் எனக்குக் கூட்டம், மற்ற நாளில் அவளுக்கு எஸ்டேட் வேலை. உள்ளூர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன்.

பாதியில் நின்ற வீட்டைக் கட்டி முடிக்க, மூன்று வருடத்துக்கு முன் அவள் குவைத்துக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு பஸ் ஏறதுக்கு முன்னால ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா? அந்த போட்டுல நான் குந்துனதே இல்லீங்க."

அவள் ஏறுகிற அன்றைக்குப் படகு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அதுதான் வினை. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கேபிள் பின்னால் எஞ்சின் வரைக்கும் போகும். அதன் முனையில் இருக்கிற கம்பி ஒரு குழாய்க்குள் போய்வந்து எஞ்சினை இடமும் வலமும் திருப்பும். பழைய கிரீஸைத் துடைத்து, ஸ்டியரிங்கைச் சுற்றிக் கம்பியை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்ட பிறகுதான் புது கிரீஸ் அடிக்க வேண்டும், அதுவும் அளவாக. தண்ணீரில் கரையாத கிரீஸ் அதற்கென்றே உண்டு.

அன்று அது தீர்ந்திருந்தது. சேலத்துக்கு இறங்கி வாங்கிவர நேரமில்லை. படகுக்கு வருவதற்கு முன்னால் நான் தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், காப்பிப் பழத்தை உரிக்கிற பல்பர் மெஷினைப் பார்த்துக்கொண்டவன். பல்பருக்கு கிரீஸ் வழிய வழிய அடித்தால்தான் எங்களுக்குத் திருப்தி. அந்தக் கெட்டி கிரீஸ் ஒரு டப்பா வீட்டில் கிடந்தது. பெரிய மேதாவி மாதிரி அதை எடுத்துப்போய், கம்பி வெளியே நீட்டியிருக்கும்போதே குழாய் முழுக்க அடைத்தேன். ஸ்டியரிங்கை ஒரு தடவை சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. அவள் பெட்டி கட்டுகிறாளே என்று வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

காலையில் பனி முகத்தை மறைத்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு கரையில் வந்து நின்றாள். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். அசையவில்லை. கம்பி உள்ளே போக வேண்டிய இடமெல்லாம் கிரீஸ்; குளிரில் அது இறுகியும் போயிருந்தது. நட்டைக் கழற்றித் துணியாலும் குச்சியாலும் தோண்டினேன். தோண்டத் தோண்ட வந்தது. என்னை நானே என்னென்னவோ திட்டிக்கொண்டேன்.

"உடுங்க, நான் திரும்பி வந்ததும் போய்க்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். என் இரண்டு கையும் முழங்கை வரை கருப்பு. அவளுடைய புதுப் புடவை அழுக்காகிவிடுமே என்று பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு பெரிய மடத்தனம்! அழுக்கானால் ஆகட்டும் என்று பிடித்திருக்கலாம்.

இப்போது வாராவாரம் கம்பியைத் துடைத்து, உள்ளே இழுத்து, சரியான கிரீஸை அளவாக வைத்து, இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பார்க்கிறேன். வீடும் முடிந்துவிட்டது; அதற்கு வாங்கிய கடன் அடைகிற வரை அவள் அங்கேதான். பெயிண்ட் வாசனை போகாத அறையில் ஒற்றை ஆளாகப் படுத்திருக்கிறேன். அவள் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன வாரம் கிரீஸ் வைத்துக்கொண்டிருக்கும்போது போனில் கூப்பிட்டாள். இந்த வருடமும் லீவு இல்லையாம். பேச்சை மாற்றி, "ஸ்டியரிங்கு ஒரே விரல்ல சுத்துது புள்ள. போனை முன்னால வெச்சு ஒரு ரவுண்டு போறேன், நீ அங்கிருந்தே பாரு" என்றேன்.

"வேண்டாங்க" என்றாள் அவசரமாக. "போன்ல பாத்துட்டா போயிட்டு வந்த மாதிரி ஆயிருமுங்க. எனக்கு அது ஒண்ணாச்சும் அங்க மிச்சம் இருக்கட்டும்."