அப்பா அன்று பீடி பிடிக்கவில்லை

முதலாண்டு நினைவு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்றார் சித்தப்பா. என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மணிமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். நிலம் கைமாறிய பிறகு லாரியில் மூட்டை ஏற்றினார், செங்கல் சூளையில் வெந்தார், கடைசியில் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். எண்ணெய் மில்களில் சமையல் எண்ணெயின் நிறத்தையும் கசடையும் எடுக்க ஒருவகை மண்ணைப் போட்டு வடிகட்டுவார்கள். வேலை முடிந்த மண் கறுத்து, எண்ணெய் குடித்து வரும். அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து, மண்ணைச் சூளையில் சுட்டு, மறுபடி மில்லுக்கே அனுப்புவதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். பதினோரு வருடம் அப்பாவின் சட்டையில் பழைய எண்ணெய் வாடை போகவே இல்லை. குளிக்காமல் சாமி விளக்கின் பக்கம்கூடப் போக மாட்டார்.

எண்ணெய் குடித்த மண்ணை உயரமாகக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறும். தீக்குச்சியே வேண்டாம், உள்ளுக்குள்ளேயே கனன்று ஒருநாள் பற்றிக்கொள்ளும். அதனால் அப்பா முழங்கால் உயரத்துக்குமேல் குவிக்க விட மாட்டார். ஒவ்வொரு குவியலிலும் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைப்பார். காலையில் ஷிப்டுக்குப் போனதும் கம்பியை உருவிப் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் அந்தக் குவியலைக் கலைத்துப் பரப்பிவிடுவார்.

"இன்னா பெரிசு, மண்ணுக்கு ஜுரம் பாக்கறியா?" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வாராம்.

"ஆமா சார். இதுக்கு ஜுரம் வந்தா நமக்குத்தான் சாவு" என்பாராம் அப்பா.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, மண் வாங்கும் மில்லிலிருந்து பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. இடம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று சனிக்கிழமையே எல்லாக் குவியலையும் இயந்திரத்தால் தள்ளி ஒரே மலையாக்கினார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று கம்பிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். மேலே புதுத் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினார்கள். வேணாம் சார் என்று அப்பா இரண்டு முறை சொன்னார். கேட்கவில்லை.

திங்கள் காலை தார்ப்பாய் ஓரத்தில் புகை. "தொறக்காதீங்க, காத்து பட்டா புடிச்சிக்கும். மணல் கொண்டாங்க" என்றார் அப்பா. பார்வையாளர்கள் வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார்கள், புகை தெரியக் கூடாது, உடனே பிரித்துக் கலை என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். கூட இருந்த மூன்று பேரைப் பார்த்து, "நீங்க தள்ளி நில்லுங்கடா, நா தொறக்கறேன்" என்று அப்பாவே கயிற்றை அவிழ்த்தார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியாக என்னிடம் பேசியது இதுதான்: "கம்பி இருந்திருந்தா ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சிருக்கும் பாப்பா."

அப்பா பீடி பிடித்தார், அதனால் தீப்பிடித்தது என்று விபத்து அறிக்கையில் கம்பெனி எழுதியது. அப்பா ஒரு காலத்தில் பீடி பிடித்தவர்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த மண்ணைத் தொட்ட நாள் முதல் வீட்டில்கூட அவர் அதைத் தொடவில்லை. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், பதினாறாம் நாள் காரியத்தில் எங்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "பீடியாலதான் போனாராமே" என்று பேசினீர்கள். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா காதில் அது விழுந்தது. வயிறு எரிகிறது எனக்கு, இன்றைக்கும்.

அடுத்த வாரம் கம்பெனி ஆள் ஒரு தாளோடு வந்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று அம்மா கையெழுத்துப் போட்டால் தம்பிக்கு அங்கேயே வேலையாம். தம்பி அப்போது வேலையில்லாமல்தான் இருந்தான். அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவரு கவனமாத்தான் இருந்தாரு. நீங்கதான் கம்பியப் புடுங்கினீங்க. எழுந்து போங்க."

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாளும் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. அப்பா தள்ளி நிற்கச் சொன்ன மூவரில் ஒருவரான சேகர் அண்ணனுக்கு நன்றி. நடந்ததை விசாரணையில் அப்படியே சொன்னார். மறுநாளே அவருக்கு வேலை போயிற்று. வரும்போது குப்பையில் கிடந்த கம்பிகளில் ஒன்றை எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்தார். சாவுக்கு மாலை அனுப்பிய கம்பெனிக்கு நன்றி இல்லை. அதை அன்றே தெருவில் போட்டோம்.

அந்தக் கம்பி இன்று அப்பா படத்தின் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இலை போட்டாகிவிட்டது. பீடி என்று சொன்னவர்கள் அந்தக் கம்பியைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு வந்து சாப்பிட உட்காருங்கள்.