ஜன்னல் பக்கத்துப் பல்

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கடைவாயில் இரண்டு பக்கமும் சொத்தைப் பல் இருந்தது. வலித்தது இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கத்துப் பல் யாருக்கும் தொந்தரவு தராமல் அமைதியாகக் கெட்டுக்கொண்டிருந்தது, ஏறக்குறைய என்னைப் போலவே.

செங்கம் சாலையில் ஒரு பெண் பல் டாக்டர் புதிதாகக் கிளினிக் வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர். தாடை வீங்கியிருந்ததால் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வரச் சொன்னார்.

அது வடிவதற்குள் கிளினிக்கில் ஓர் ஆன்மிகச் சிக்கல் கிளம்பிவிட்டது. நாற்காலியில் சாய்ந்தால் கால் இரண்டும் நேராக மலையை நோக்கி நீண்டன. எங்கள் ஊரில் மலையே சிவன்; அது அவர் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதற்குச் சமம். பல்வலியோடு வந்த ஒரு பெரியவர் ஏறவே மாட்டேன் என்று முரண்டு பிடித்திருக்கிறார். டாக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு நாற்காலியை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். உட்காருகிறவருக்கு இடப்பக்கம் இருந்த ஜன்னல் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டது.

நான் போய்ச் சாய்ந்தேன். ஊசி வலப்பக்கம் இறங்கியது. உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து வைத்திருக்கிற நான், அன்று வாயைப் பிளந்துகொண்டு, இது ஏதோ நவீன முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்குபங்சர் பற்றி ஒரு புத்தகம் படித்திருந்த கோளாறு.

மரத்தது தெளிந்ததும் இடப்பக்கம் பழையபடி தெறித்தது. நாக்கு போய் வலப்பக்கக் குழியில் விழுந்தது. சாயங்காலமே திரும்பிப் போனேன். டாக்டர் என் வாய்க்குள் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“ஜன்னல் பக்கம்னு மனசுல வச்சிருந்தேன் சார்.”

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அடுத்த நாள் கிளினிக் பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும்.

மறுபடி திறந்தபோது உதவிக்கு இருந்த அக்கா என்னை வாசலிலேயே மறித்தார். “டாக்டரம்மா இனிமே பல்லு புடுங்க மாட்டாங்களாம். கிளீனிங், அடைக்கறது மட்டும்தான். உங்களுக்கு பஸ் ஸ்டாண்டு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க.”

பல் பிடுங்குவதற்கு மட்டுமே பல் டாக்டரிடம் போகிற ஊர் இது. இதைச் சொல்வதும் கடையை மூடுவதும் ஒன்றுதான். எனக்கோ புதிதாக ஒரு டாக்டரை நம்பத் தொடங்கும் தெம்பு இல்லை. நேராக உள்ளே போய் நாற்காலியில் ஏறிவிட்டேன்.

“இறங்குங்க சார். எனக்குக் கை நடுங்குது.”

“எனக்குப் பல்லே நடுங்குது டாக்டர். பரவால்ல, புடுங்குங்க.”

“வெளையாடாதீங்க. உங்க பல்லை மாத்திப் புடுங்கியிருக்கேன்.”

“அதுவும் சொத்தைதானே? என்னைக்கோ போக வேண்டியது, கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு.”

“அது உங்க அதிர்ஷ்டம். நல்ல பல்லா இருந்தாலும் புடுங்கித்தான் இருப்பேன்.”

வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்த ஆறுதலெல்லாம் அத்தோடு தீர்ந்தது. அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். “ஏன் கிளினிக்கு போவலன்னு அப்பா கேட்டாரு. சொல்ல வாய் வரல. மல்லாட்டைக் கொல்லைல போயி களை புடுங்கிட்டு இருந்தேன்.”

“சரியான செடியத்தான் புடுங்கினீங்களா?”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. என் வாய்க்கு எப்போதுமே அவசரம். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் என்னை ஒரு முறை முறைத்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய்க் கையைக் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

“எந்தப் பல்லு? விரல் வச்சிக் காட்டுங்க.”

காட்டினேன். கண்ணாடியைக் கையில் கொடுத்து மறுபடி காட்டச் சொன்னார். “அக்கா, நீங்க சொல்லுங்க, எந்தப் பல்லக் காட்டறாரு?” அக்காவும் குனிந்து என் வாய்க்குள் எட்டிப்பார்த்துச் சொன்னார். ஊசி போடும்வரை டாக்டரின் கை நடுங்கியது நிஜம். பல் இடுக்கியைப் பிடித்த பிறகு நடுங்கவில்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்ததாகக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் உள்ளே போனார். திரைக்குப் பின்னாலிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

“பாய், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வெளிய பஞ்சு கடிச்சிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவருக்குப் பல்லு மாத்திப் புடுங்கிட்டேன். அதனால எந்தப் பல்லுன்னு நீங்களே விரல் வச்சிக் காட்டணும். வேற டாக்டர்கிட்ட போறதுன்னாலும் போங்க, கோச்சிக்க மாட்டேன்.”

என் அனுமதியை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பஞ்சோடு மறுத்திருக்க முடியாது.

பாய் திரையை விலக்கித் தலையை நீட்டினார். “நெசமாவா?”

தலையாட்டினேன்.

“அப்போ இப்ப புடுங்கனது யாரு?”

கையை உள்பக்கம் நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் புத்தியைப் பற்றி அவர் எடுத்த முடிவு முகத்திலேயே தெரிந்தது. வாசலையும் ஒரு தடவை பார்த்தார். அக்கா கையில் தட்டோடு அசையாமல் நின்றிருந்தார்.

“வலி ஜாஸ்தியா இருக்கும்மா,” என்று முனகிக்கொண்டே பாய் உள்ளே திரும்பினார். நாற்காலி கிரீச்சிட்டது. வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு அவர் குழறியது கேட்டது.

“இதுவா? கண்ணாடில நல்லாப் பாத்துச் சொல்லுங்க பாய்,” என்றார் டாக்டர். “அக்கா, நீங்களும் வாங்க.”