மூன்றாவது ஜோடிச் செருப்பு

இது நடந்தது. ஒரு சொல் பொய்யென்றாலும் வந்து என் மீசையை எடுத்துவிடுங்கள். கொஞ்சம் உப்பு, புளி கூடியிருக்கும். அது ருசிக்கு. ஆனால் செருப்பு விஷயத்தில் ஒரு வாரைக்கூட நான் சேர்க்கவில்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே போய்ப் படுக்கலாம். இந்தப் பேய் நேரத்தோடு வந்து, இராச்சாப்பாட்டுக்கு முந்தியே வேலையை முடித்துக்கொண்டது.

கண்டியில், மஹய்யாவயில் சுதேஷ், நிரோஷினி என்று ஒரு புருஷன் பெண்சாதி. அவனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பனியில் வேலை. அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம். எட்டு மாதத்துக்கு முந்தி வயிற்றில் தங்கிய பிள்ளை கலைந்துபோனது. அன்றிலிருந்து வீட்டுக்குள் யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும்.

"கேக்குதாங்க?" என்பாள்.

"ஒண்ணுமில்ல நிரோ. மனப்பிரமை," என்பான்.

டொக்டர் மாத்திரை எழுதினார். மாமியார் நூல் மந்திரித்துக் கட்டினார். சொந்தக்காரர் ஊர்க்காரர் எல்லாருக்கும், ஏன், பஸ் கண்டக்டருக்குக்கூட, நிரோஷினிக்கு மூளை சரியில்லை என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. நடை மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் சுதேஷ் சொன்னான். "இந்த லீவுல ரெண்டு நாள் வெளிய போறோம். அங்கயும் கதை கட்டினேன்னு வையி, நேரா மாத்தளையில ஒங்க அம்மா வீட்டுல விட்டுருவேன். திரும்பக் கூப்பிட வரமாட்டேன்."

நிரோஷினி தலையாட்டினாள். என்ன வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. தாலியின் பேரில் முடிவெடுத்துக்கொண்டுதான் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

கலகெதரவுக்கு மேலே, மிளகுக் கொடியும் கராம்பு மரமுமாக ஒரு தோட்டம். நடுவில் வாடகைக்கு விடுகிற ஒரு வீடு. ஏறுகிற பாதையில் நூற்றெட்டு வளைவு. சுதேஷ் முப்பது என்றுதான் சொன்னான், நம்பாதீர்கள். போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் மூன்று பத்து. காவல்காரர் கறுப்பையா சாவியைக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அதைத் தகரத்தால் மூடி, மேலே ஆளுயரத்துக்குக் கல் அடுக்கியிருந்தது.

"அஞ்சு மணிக்கு நான் போயிருவேன் சார். செருப்பு, சப்பாத்து எல்லாத்தயும் உள்ள எடுத்து வச்சிருங்க. வாசல்ல விடாதீங்க."

"ஏன், நாய் தூக்கிட்டுப் போயிருமா?" என்று சிரித்தான் சுதேஷ்.

கறுப்பையா சிரிக்கவில்லை. "ஆமா... நாய்தான்."

அந்த மலையில் ஒரு நாய்கூடக் குரைத்து அவர்கள் கேட்கவில்லை. தவிர, காலில் போடுவதை நிலைப்படிக்கு உள்ளே எடுத்து வைத்தால் மூதேவி வருவாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு பேரும். ஆகவே அவனுடைய கறுப்புச் சப்பாத்து, அவளுடைய சிவப்பு வார்ச் செருப்பு, இரண்டும் வழக்கம்போல வாசற்படியில்.

நான்கு முப்பத்தைந்து. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள் நிரோஷினி.

படியில் மூன்று ஜோடி.

மூன்றாவது, நீல வார் போட்ட றப்பர் செருப்பு. பொம்பிளைச் செருப்பு. சின்னக் கால். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை.

கறுப்பையாவின் வீட்டுக்காரியாக இருக்கும் என்று நினைத்தாள். "யாருங்க?" என்று கூப்பிட்டாள். அதற்குள் சுதேஷ் வெளியே வந்தான். சிகரெட் பற்றவைத்தான். திரும்பி உள்ளே போகும்போது அந்த நீலச் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனான். அது ஏன் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஐந்து இருபது. கறுப்பையா போய்விட்டார். மறுபடி எட்டிப் பார்த்தாள்.

நீலச் செருப்பு இடம் மாறியிருந்தது. இப்போது சுதேஷின் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு... பெண்சாதி செருப்பு கிடப்பது போல.

சும்மா கேட்பது போலக் கேட்டாள். "ஏங்க, வாசல்ல எத்தன ஜோடி செருப்பு கெடக்கு?"

"ரெண்டு." அவன் திரும்பியும் பார்க்கவில்லை. "ஏன்? ஆரம்பிச்சிட்டியா?"

"இல்ல, இல்ல."

மாத்தளை ஞாபகம் வந்தது. மாத்திரை ஞாபகம் வந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வாசலில் செருப்புக் கிடந்தால், ஆள் உள்ளே.

ஐந்து நாற்பதுக்கு மழை. மழையென்றால் மழையா? மகாவலி ஆற்றைக் கொண்டுபோய்க் கூரையில் கவிழ்த்த மாதிரி. ஆறு பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி ஒன்று. கதிரையில் சுதேஷ். எதிரே கட்டிலில் நிரோஷினி.

பின்பக்கம் தகரம் சத்தம் போட்டது.

டங்...

"காத்து," என்றான் அவன். என்ன சத்தம் என்று அவள் விசாரிக்கவே இல்லை.

ஆறு நாற்பத்தொன்று. குசினிப் பக்கம்.

சப்...

சப்... சப்...

ஈரக் கால். வெறுங்கால். மஹய்யாவ வீட்டில் எட்டு மாதமாய்க் கேட்ட அதே நடை.

சுதேஷ் போனில் ஒரு பாட்டைப் போட்டான். சத்தத்தைக் கூட்டினான்.

அவள் தரையைப் பார்த்தாள்.

சீமெந்துத் தரையில் ஒரு ஈரத் தடம். சின்னப் பாதம். ஐந்து விரலும் தெளிவாக.

அடுத்தது.

அடுத்தது...

யாரும் இல்லை. தடம் மட்டும் வந்தது. கட்டிலைத் தாண்டியது. அவளைத் திரும்பியும் பார்க்காதது போலத் தாண்டியது. கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

சுதேஷ் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டான்.

"ஏங்க காலத் தூக்கினீங்க?"

"...குளிருது."

நெற்றியில் வியர்வை.

கதிரைக்கு அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது.

"போவோங்க," என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை. அவன் வாசலில் நின்றான்.

ஏழு ஐந்து. இருட்டில் காலுக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். வீட்டைப் பூட்டவும் இல்லை. சாவி அவனுடைய சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அந்த நூற்றெட்டு வளைவையும் சுதேஷ் எப்படி இறக்கினான் என்பது அந்தத் தலதா மாளிகைப் புத்தருக்கும் கதிர்காமத்துக் கந்தனுக்கும்தான் தெரியும்.

ஏழு ஐம்பத்தைந்துக்குக் கட்டுகஸ்தோட்டை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. நல்ல வெளிச்சம். சனம். நிரோஷினி கீழே குனிந்து பார்த்தாள்.

காலில் நீல வார்.

அவள் கத்தவில்லை. மெதுவாகக் கேட்டாள். "எத்தன ஜோடி கெடந்துச்சு?"

அவன் சொன்னான். "மூணு."

"எப்ப பாத்தீங்க?"

"ஒனக்கு முந்தி."

"அப்ப வீட்டுல... எட்டு மாசமா..."

அவன் தேத்தண்ணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "கேட்டுச்சு."

"நான் பைத்தியக்காரின்னு ஊரு பூராச் சொன்னீங்களே."

"ஆமான்னு சொன்னா அது நெசமாயிருமே நிரோ... எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் எழுந்தாள். பாலத்துக்கு நடந்தாள். நீலச் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மகாவலிக்குள் எறிந்தாள். மாத்திரைப் பெட்டியையும் எறிந்தாள். வெறுங்காலோடு வந்து வண்டியில் ஏறினாள். மறுநாள் ஞாயிறு காலை, யாரும் கொண்டுபோய் விடாமல், தானே மாத்தளை பஸ்ஸில் ஏறினாள். வாசலில் அவளுடைய செருப்பு ஒன்றும் மிச்சமில்லை. தனக்கென்று இருந்த ஒரு ஜோடிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை பின்னேரம் ஐந்து ஐம்பது. போன் அடித்தது. சுதேஷ்.

"வந்துட்டியா நிரோ?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "வேலையால வந்து பாக்குறேன், ஒன்னோட செவப்புச் செருப்பு வாசல்ல. என்னோட சப்பாத்துக்குப் பக்கத்துல. இப்பிடி ஈரமா இருக்கு, எங்க மிதிச்ச? வாசல்ல நின்னு கூப்பிட்டேன், கேக்கலயா? குசினியிலயா இருக்க?"

நிரோஷினி மாத்தளையில், அம்மா வீட்டு ஜன்னலோரம், போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவப்புச் செருப்பைக் கலகெதரயில் விட்டுவிட்டு வந்தாளே...

"நிரோ? ஏன் பேசமாட்டேங்கிற? நடக்கிறது கேக்குது..." சட்டென்று அவன் குரல் இறங்கியது. "நிரோ... நீ எங்கருந்து பேசுற?"

போனுக்குள் கேட்டது.

சப்... சப்...

அவளுக்கும் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

"நிரோ, ஒனக்குக் கேக்குதா? கேக்குதுன்னு சொல்லு!"

எட்டு மாதம். மாத்திரை. நூல். பஸ் கண்டக்டரின் பார்வை. எல்லாம் ஒன்றாய் நெஞ்சுக்குள் எழும்பியது. அவள் வாய் தானாகச் சொன்னது.

"ஒண்ணுமில்லீங்க. மனப்பிரமை."

வைத்துவிட்டாள்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கோபம் ஆறிவிட்டது. திரும்ப அவனுக்குப் போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கும். எட்டு மணிக்கும்.

செவ்வாய் காலை ஒரு போன் வந்தது. பாய்ந்து எடுத்தாள். கறுப்பையா. சாவியைக் கேட்டுப் போன் எடுத்திருந்தார். சார் போனைத் தூக்கவில்லையாம். நிரோஷினி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"செருப்ப வாசல்ல விட்டீங்களாம்மா?" என்றார் அவர். "சொன்னேனே... உள்ள வச்சா அவ வரமாட்டா. வெளிய புருஷன் பெண்சாதி செருப்பு கெடந்தா, பக்கத்துல தன்னோடதயும் விட்டுட்டு உள்ள வந்துருவா."

"யாரு?"

மூன்று வருஷத்துக்கு முந்தி துஷாந்தி என்று ஒரு பெண் புருஷனோடு அங்கே வந்து தங்கினாளாம். யாரோ நடக்கிறார்கள் என்று அழுதாளாம். ஒன்றுமில்லை, மூளைக் கோளாறு என்றானாம் அவன். விடிய, அவள் கிணற்றுக்குள். கரையில் செருப்பு இல்லை. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. நீல வார்ச் செருப்பு. அன்றிலிருந்து, பெண்சாதியை நம்பாத புருஷன் எந்த வீட்டில் இருந்தாலும் அவள் நடை அங்கே கேட்குமாம்.

"அவ புருஷன்?" என்றாள் நிரோஷினி.

"நாப்பதாம் நாளு காணாமப் போனாரு. இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல. அவரு வீட்டு வாசல்ல சப்பாத்து மட்டும் கெடந்துச்சாம். ரெண்டுலயும் முட்ட முட்டத் தண்ணி."

அடுத்த பஸ்ஸில் மஹய்யாவக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கண்டியில் ஒரு சொட்டு மழை இல்லை. கதவு திறந்து கிடந்தது. படியில் சிவப்புச் செருப்பு இல்லை. கறுப்புச் சப்பாத்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். குனிந்து பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது.

சுதேஷ் கடைசியாகப் பேசியது அவளோடுதான். பொலிஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஒரு நிமிஷம் நாற்பது செக்கன். அந்த நேரம் பின்னால் ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தார்கள்.

"ஒண்ணும் கேக்கல," என்றாள் நிரோஷினி.

கேட்டது என்று சொன்னால் யார் நம்புவார்?