கினுவாவில் வந்த நுரை

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையல் வகுப்பில் இருந்தவர்கள் ஆறு பேர். சொல்லிக்கொடுத்த கலா மிஸ். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த மரிலூ, அவளுடைய சித்தி மகள் ஜாய். யாரோடும் அதிகம் பேசாத மியான்மர்ப் பெண் கின். இந்தோனேசியாவின் சுலாஸ்த்ரி. பிறகு நான். தரை துடைக்க வந்த சீனப் பெரியவரையும் சேர்த்தால் ஏழு, ஆனால் அவர் ரத்தம் சிந்திய பிறகுதான் வந்தார். போலீஸ் கேட்டால் ஒரு பெயர்கூட விட்டுப்போகக் கூடாதே என்று, வேலை செய்யும் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்குக்குத் திரும்பும் ரயிலில் விரல் மடக்கி மடக்கி இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தேன். மற்றதில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரியவில்லை. பெயர்களையாவது சரியாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

நாங்கள் ஐவரும் வீட்டு வேலைக்கு வந்தவர்கள். எட்டு வருடம் பள்ளிக்குப் போயிருந்தால் போதும் என்பது இந்த வேலைக்கான விதி. நான் சரியாக எட்டாவதோடு நின்றவள். இந்தச் சிங்கப்பூரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, சோறு தின்னாமல் இருப்பதற்காக ஆட்கள் பணம் கட்டுவது. எங்கள் மேடம் தட்டில் வைப்பதற்கு முன் காய்கறியைக்கூடச் சின்னத் தராசில் நிறுப்பார். அரிசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சோறில்லாத சமையலைக் கற்றுக்கொண்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லித்தான் என்னை லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்கு அனுப்பினார். என் மகள் நர்சிங் முதலாமாண்டு. ஒப்பந்தம் போனால் அவள் படிப்பும் போகும்.

கடைசி வகுப்பில் முதலாளிகளை அழைத்து விருந்து வைக்க வேண்டும், அதுதான் புராஜெக்ட். கலா மிஸ் சிங்கப்பூரிலேயே பிறந்தவர், பள்ளிக்கூடக் கேன்டீனில் பல வருடம் கடை நடத்தியவர். "அரிசி வேணாம்லா. அரிசின்னா உங்க எல்லாருக்கும் கை தானா ஓடும். உங்க ஊர்ல விளையாத தானியத்த எடுங்க," என்று இருவர் இருவராகச் சேர்த்துச் சீட்டுக் குலுக்கினார். கின் தனியாகச் செய்வதாகச் சொல்லிவிட்டாள். எனக்கும் சுலாஸ்த்ரிக்கும் கினுவா வந்தது. மிஸ் அதைச் சாக்கிலிருந்து அளந்து வாங்கி வந்திருந்தார். பார்த்தால் தினையை வெளுத்துத் தட்டையாக்கினது போல இருந்தது. இதை இட்லியாக்கினால் மேடம் மயங்கிவிடுவார் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். மாவு எனக்குத் தெரிந்த தொழில்.

தெரிந்த தொழில் என்றால் சும்மா இல்லை. அறந்தாங்கியில் மூன்று கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்றவள் நான். ஒரே வீட்டின் மறுபாதியில் என் ஓரகத்தியும் மாவு விற்றாள். அவளுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்தார்கள். ஒரு காலை என் மாவு டிரம்மில் வழக்கத்துக்கு மேல் நுரை நின்றது. வெயிலுக்குப் புளித்துவிட்டது என்று நினைத்து விற்றுவிட்டேன். மத்தியானத்துக்குள் தெருவில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். டிரம்மின் அடியில் கரையாத சோப்புத்தூள் கட்டிகட்டியாகக் கிடந்தது. அதை நான் எடுத்துக் காட்டும் முன்பே ஆண்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். ஒரு கிரைண்டரைத் தூக்கித் தெருவில் போட்டார்கள், கல் இரண்டாகப் பிளந்தது. என்னை முடியைப் பிடித்து மாவுக்குள் முக்கினார்கள். என் புருஷன் வந்தார். இது ஓரகத்தியின் வேலை என்று சொன்னேன். அண்ணன் வீட்டைப் பழிசொல்கிறாயா என்று கிரைண்டர் பெல்ட்டைக் கழற்றி என் முதுகில் வீசினார். அன்று என்னை அடித்த கைகள் எல்லாம் என் கல்யாணத்தில் மொய் எழுதிய கைகள். அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

இதையெல்லாம் எழுதுவது சாக்குச் சொல்வதற்கு அல்ல. நுரையைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆனது என்று நானே பலமுறை யோசித்துவிட்டேன், அதைத்தான் சொல்கிறேன்.

அன்று கினுவாவைப் பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கசக்கினேன். நுரை வந்தது. கொட்டிவிட்டு மறுபடி கசக்கினேன். மறுபடியும் நுரை, வெள்ளையாக, விளிம்புவரை. பக்கத்துத் தொட்டியில் சுலாஸ்த்ரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கையில் சோப்புப் பாட்டில். முந்தைய வாரம்தான் இட்லியா, அவள் சொன்ன கொழுக்கட்டை மாதிரியான பண்டமா என்று எங்களுக்குள் முறைப்பு நடந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். பாட்டில் பிடித்த கையாலேயே நுரையைக் காட்டி, "வாஷ் அகெய்ன் லா, அக்கா," என்றாள். அக்கா என்ற சொல்லை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

தண்ணீரோடும் தானியத்தோடும் இருந்த அந்த எவர்சில்வர் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி அவள் வாயில் அடித்தேன். சோற்றில் கல் கடிபட்டது போல ஒரு சத்தம். அவள் விழவில்லை. என் கொண்டையைப் பிடித்து இழுத்து நெற்றியைக் குழாயில் மோதினாள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. நான் அவள் கையைக் கடித்தேன். தரையெல்லாம் கினுவா, இருவரும் வழுக்கி விழுந்தும் விடவில்லை. கின்தான் என் இடுப்பைப் பிடித்து இழுத்துப் பிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன், மரிலூ சமையலைப் படம் பிடிக்க நிறுத்தி வைத்திருந்த போன் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

சுலாஸ்த்ரியின் முன்பல் பாதிக்கு மேல் இல்லை. கீழுதடு பிளந்து தொங்கியது. சோப்புப் போட்டாள், என் தானியத்தில் சோப்புப் போட்டாள் என்று நான் தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தேன். கலா மிஸ் என்னை அதட்டவில்லை. வாங்கி வந்த பையிலிருந்து புதிதாக ஒரு பிடி கினுவா எடுத்தார். கழுவிக் காயவைத்த கிண்ணத்தில் போட்டு, என் கண்முன்னால் தண்ணீர் பிடித்துக் கசக்கினார். நுரை பொங்கியது.

"இந்தத் தானியமே அப்படித்தான்மா. மேல்தோல்ல கசப்பு இருக்கு, தண்ணி பட்டா நுரைக்கும். அது போறவரைக்கும் கழுவணும். அதத்தான் அந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லிட்டு இருந்தா."

அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரகத்தியின் மேல் விழவேண்டிய அடி எத்தனையோ வருடம் கழித்துக் கடல் தாண்டி வந்து, என்னை அக்கா என்றவளின் வாயில் விழுந்திருந்தது.

அடுத்த ஆறு நாள் நான் சாப்பிட்டது குறைவு. அழைப்பு மணி அடித்தால் போலீஸ். மேடம் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால் போலீஸ். பெர்மிட்டை ரத்து செய்து விமானத்தில் ஏற்றினால் மகளிடம் என்ன சொல்வது என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நெற்றி வீக்கத்துக்கு, அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று மேடமிடம் பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுலாஸ்த்ரி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள், உதட்டில் தையலோடு. மரிலூவை என் எதிரிலேயே அந்தப் படத்தை அழிக்கச் சொன்னாள். தன் முதலாளியம்மாவிடம் ஈரத்தரையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டாளாம். பல்லுக்கு ஆன செலவை அந்த அம்மா கட்டிவிட்டு, மாதாமாதம் இவள் சம்பளத்தில் பிடிக்கிறாராம். ஏன் போலீஸுக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"போலீஸ் கம், யூ கோ பேக் இந்தியா. தென் ஹூ பே மை டூத்?"

மாதாமாதம் நான் தருகிறேன் என்றேன். அவள் எழுந்து என் முன்னால் வந்தாள். "டூத் எய்ட் ஹண்ட்ரட், அக்கா. திஸ் ஒன் ஃப்ரீ," என்று சொல்லி, கையை ஓங்கி என் கன்னத்தில் ஒன்று விட்டாள். காது அடைத்துப்போனது. பல்லுக்கு எண்ணூறு டாலர், இந்த ஊர்ப் பேச்சில் எண்ணூறு வெள்ளி. அறை இலவசம். ஜாய் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கலா மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ தேடுவது போல நின்றார்.

பிறகு நாங்கள் கினுவா கழுவினோம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்க்க வேண்டும். ஏழாவது தண்ணீரில்தான் நுரை நின்றது. முதல் இட்லி கோந்து மாதிரி துணியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது முறை உளுந்தைக் குறைத்தேன், மண் மாதிரி உதிர்ந்தது. மூன்றாவது மாவை மேடம் வீட்டில் அரைத்துப் பாட்டிலில் கொண்டுவரும்போது, ரயிலிலேயே மூடி வெடித்து ஒருவர் காலணியில் தெறித்தது. அபராதம் போடுவார்களோ என்று துப்பட்டாவால் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் பாதி கினுவாவை வேகவைத்துப் பிசைந்து சேர்க்கச் சொன்னவள் சுலாஸ்த்ரிதான். அதில்தான் இட்லி நின்றது. அவளுடைய தேங்காய்ப் பூரணத்தை நடுவில் வைத்தோம். அது அவள் ஊர்ப் பண்டமும் இல்லை, என் ஊர்ப் பண்டமும் இல்லை. ஆனால் தின்னும்படி இருந்தது.

விருந்தன்று எங்கள் மேடம் இரண்டு எடுத்துக்கொண்டார், நிறுக்காமல். உன் சிநேகிதியின் உதட்டுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டார். சுலாஸ்த்ரி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ஃப்ளோர் வெட், மேடம்," என்றாள். கவனமாக இருக்க வேண்டும் என்று மேடம் எங்கள் இருவருக்கும் புத்தி சொன்னார். அந்த வாரமே என் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தானது, இன்னும் இரண்டு வருடம்.

ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த பின் வரும் ஞாயிறு, சாலையோரக் காப்பிக்கடையில் அவளிடம் ஐம்பது வெள்ளி கொடுக்கிறேன். அவள் எண்ணிப் பார்த்துப் பையில் வைப்பாள், நன்றி சொல்ல மாட்டாள். நான்கு மாதத்தில் அவள் ஒப்பந்தம் முடிகிறது, கிழக்கு ஜாவாவில் உள்ள ஊருக்கே போய்விடப் போகிறாள். அதற்குள் தீராதே என்று போன ஞாயிறு நான் புலம்பியபோது, மீதியை ஊருக்கு வந்து கொடு என்றாள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம், தமிழ்நாட்டு அக்கா ஒருத்தி வருவாள் என்று.

அறந்தாங்கியில் என் பாதி வீட்டுக்குப் புருஷன் வீட்டார் வேறு பூட்டுப் போட்டுவிட்டதாக மகள் சொல்கிறாள். சிங்கப்பூர் எனக்கு இரண்டு வருடத் தாள். நான் பார்த்தேயிராத ஒரு தீவில், பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஓர் ஊரில்தான் நான் கட்டாயம் வருவேன் என்று இருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பஸ் உண்டா, நடக்க வேண்டுமா என்று இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டேன். பாக்கி முந்நூற்றைம்பது வெள்ளி.